கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது உண்மையில் அசைவது எந்த மூட்டு?

நாகலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். தை பிறந்தால் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மிளகு பறிப்போம். என் தந்தைக்கு இப்போது 58 வயது. ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலைக்கு மேலே உள்ள கொத்துகளைப் பறிப்பதும், கை சோர்ந்தால் மாற்றிக்கொள்வதும் முப்பது ஆண்டுகளாக அவருக்குப் பழகிய வேலை.

இந்த ஆண்டு அவருடைய இடக்கை சரியாக மேலே போகவில்லை. விழவில்லை, அடிபடவும் இல்லை. ஒரு நாள் காலையில் நான் ஏணியின் கீழே நின்றிருந்தபோது, பனியில் நனைந்த சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்ததால் தோள்பட்டை எலும்பின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. வலக்கையைத் தூக்கும்போது அந்த எலும்பு முதலில் ஏறக்குறைய அசையாமல் நின்று, பிறகு மெல்லச் சரிந்து பக்கவாட்டில் சென்றது. இடக்கையைத் தூக்க முயன்ற மாத்திரத்திலேயே எலும்பு முழுவதும் கிளம்பி, தோள் காதை நோக்கி ஏறிவிட்டது. கை மட்டும் மார்பு உயரத்தைத் தாண்டவில்லை. சுளுக்கு என்று எண்ணி, நீவிவிடுபவர் ஒருவரிடம் இரண்டு முறை சென்றுவந்தார். வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் போகிறேன். அதற்கு முன் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. தோள் ஒரு பந்து கிண்ண மூட்டு, எல்லாத் திசையிலும் சுழலும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியானால் கையைத் தூக்க அந்த ஒரு மூட்டே போதாதா? என் தங்கையிடம் என் தோள்பட்டை எலும்பைக் கையால் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கையைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்குச் சற்று மேலே போனதும் நின்றுவிட்டது. பந்தும் கிண்ணமும் எனக்கு நன்றாகத்தானே இருக்கின்றன? பிறகு எது தடுத்தது?

அஸ்தம்பட்டி இயன்முறை எழுதியது:

உங்கள் தங்கையின் கை தடுத்தது தோள்பட்டை எலும்பை. அது நகராவிட்டால் கை முழு உயரத்துக்குப் போகாது. கேள்விக்கான விடையைப் பாதி நீங்களே கண்டுவிட்டீர்கள், மீதியை விளக்க முயல்கிறேன்.

கை உடலோடு இணையும் இடத்தில் ஒரு மூட்டு இல்லை, நான்கு இருக்கின்றன. மார்பெலும்பும் காறை எலும்பும் சேரும் இடம் முதலாவது. காறை எலும்பின் வெளிமுனை தோள்பட்டை எலும்பின் உச்சிமுனையைத் தொடும் இடம் இரண்டாவது. மேற்கை எலும்பின் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் பொருந்தும் இடம், அதாவது நீங்கள் சொன்ன பந்து கிண்ணம், மூன்றாவது. தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் சறுக்கும் இடம் நான்காவது. இந்த நான்காவதில் குருத்தெலும்பும் இல்லை, மூட்டுறையும் இல்லை. இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை பரந்து கிடக்கும் அந்த முக்கோண எலும்பு, தசைகளின் மெத்தைமேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. எனவே அதை மூட்டு என்று அழைக்கலாமா என்று வாதிடுபவர்களும் உண்டு. அசைவைக் கணக்கிடும்போது அதை விட்டுவிட முடியாது என்பதால் நாங்கள் சேர்த்தே எண்ணுகிறோம்.

பந்து கிண்ணம் என்ற பெயரால் ஒரு தவறான படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. இடுப்பு மூட்டு கொட்டாங்குச்சிக்குள் அடங்கிய பந்து போன்றது. தோளிலோ குழி மிகவும் ஆழமற்றது; அகல் விளக்கின்மேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்தியதைப் போல, மேற்கை எலும்பின் தலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் ஒரு நேரத்தில் குழியோடு தொடுகிறது. குழியைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்பு ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. இவ்வளவு சிறிய தளத்தின்மேல் பழம் உருண்டு விழாமல் இருக்க வேண்டுமானால், பழம் உருளும் பக்கத்துக்கு அகலும் திரும்பிக் கொடுக்க வேண்டும். கை உயர உயரத் தோள்பட்டை எலும்பு செய்வது அதைத்தான்: தன் குழியை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது.

கை பக்கவாட்டில் முழுதும் உயர்வதை 180 பாகை என்று கொண்டால், அதில் சுமார் 120 பாகை பந்து கிண்ணத்திலும் சுமார் 60 பாகை தோள்பட்டை எலும்பின் திருப்பத்திலும் கிடைக்கிறது. முதல் 30 பாகையில் பெரும்பாலும் பந்துதான் சுழல்கிறது. உங்கள் தந்தையின் வலத்தோளில் எலும்பு முதலில் அசையாமல் நின்றதாக நீங்கள் பார்த்தது இதுவே. அதன் பிறகு இரண்டும் கூடவே செல்கின்றன.

அந்த 60 பாகைக்குக் காறை எலும்பு இடம் விட வேண்டும். இதை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். தொண்டைக் குழிக்கு அருகே, காறை எலும்பின் உள்முனை புடைத்திருக்கும் இடத்தில் எதிர்க்கையின் விரலை வைத்துக்கொண்டு கையை மெல்ல உயர்த்துங்கள். வெளிமுனை மேலே போகும்போது உள்முனை விரலுக்கடியில் சற்றுக் கீழே இறங்குவதை உணர்வீர்கள். கை தோள் உயரத்தைத் தாண்டியபின் விரலை எலும்பின் நடுப்பகுதிக்கு மாற்றிக்கொண்டால், அது தன் அச்சிலேயே பின்னோக்கி உருள்வது தெரியும். தோள்பட்டை எலும்பிலிருந்து, காக்கை அலகைப் போல் வளைந்த முனையிலிருந்து புறப்படும் உறுதியான பிணைநார்கள் காறை எலும்பின் அடியில் பற்றியிருக்கின்றன. தோள்பட்டை எலும்பு திரும்பும்போது அவை இறுகி, காறை எலும்பை உருட்டுகின்றன. காறை எலும்பு நேர்க்கம்பாக இல்லாமல் இரட்டை வளைவோடு இருப்பதால், உருளும்போது அதன் வெளிமுனை இன்னும் உயர்கிறது. வளைந்த கைப்பிடியைச் சுழற்றினால் அதன் நுனி மேலேறுமே, அதே கணக்கு. இந்த ஏற்பாட்டை நான் பாடமாகப் படித்தபோது மனப்பாடம் மட்டுமே செய்தேன்; என் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்த நாளில்தான் விளங்கியது.

கை முழுவதையும் உடற்கூட்டோடு எலும்பும் எலும்புமாக இணைப்பது மார்பெலும்போரத்தில் உள்ள அந்தச் சின்ன மூட்டு ஒன்றுதான். மற்றவை எல்லாம் தசைகளின் தொங்கல்.

தோள்பட்டை எலும்பைத் திருப்புவது யார்? ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் பேருந்து ஓட்டுநரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கை மேலே தள்ள, மறு கை கீழே இழுக்க, சக்கரம் இடம் மாறாமல் சுழலும். ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதி தோளுச்சியை மேலே இழுக்கிறது. அதே தசையின் கீழ்ப்பகுதி உள்விளிம்பைக் கீழே இழுக்கிறது. விலாக்களிலிருந்து புறப்படும் செரேட்டஸ் ஆன்டீரியர் எலும்பின் கீழ்முனையை முன்பக்கமாக இழுத்துச் செல்கிறது. மூன்றும் ஒத்துழைத்தால் எலும்பு சுழலும். மேல்பகுதி மட்டும் இழுத்தால் எலும்பு சுழலாமல் அப்படியே காதை நோக்கி ஏறும்.

பந்து கிண்ணத்துக்குள்ளும் இப்படியொரு ஒப்பந்தம் உண்டு. டெல்டாய்டு தசை மேற்கை எலும்பை மேலே இழுக்கிறது. அதை மட்டும் விட்டால் எலும்பின் தலை மேலேறித் தோளுச்சி முனையில் முட்டும். அங்குள்ள இடைவெளி ஒரு செண்டிமீட்டரை ஒட்டியதுதான். அதற்குள் ஒரு தசைநாணும் ஒரு நீர்ப்பையும் இருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று நாங்கள் சொல்லும் நான்கு தசைகள் தலையைக் குழியோடு அழுத்திக் கீழே பிடித்துக்கொள்வதால்தான் முட்டாமல் சுழல்கிறது.

உங்கள் தந்தைக்கு வருவோம். பந்து தன் பங்கைச் செய்யாதபோது தோள்பட்டை எலும்பு அதன் பங்கையும் சேர்த்துச் செய்ய முயலும். தூக்கத் தொடங்கியவுடனே தோள் காதை நோக்கி ஏறுவதற்கு இது வழக்கமான காரணம். பந்து ஏன் செய்யவில்லை என்பதற்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன: மூட்டுறை சுருங்கி இறுகியிருக்கலாம், அல்லது கஃப் தசைநாண் கிழிந்து வலுவிழந்திருக்கலாம். பிரித்தறிய ஒரு சோதனை: அவரை மல்லாந்து படுக்க வைத்து, அவர் தசையைத் தளர்த்தியிருக்கும்போது நீங்கள் அவருடைய கையை மெல்லத் தூக்குங்கள். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்புறமாக, கதவைத் திறப்பது போலத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் தூக்கினால் போகிறதா, திருப்பினால் திரும்புகிறதா என்பதை எழுதுங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். அழுத்தித் தள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

முந்தைய பதிவு தெளிவாக இருக்கிறது. உடற்கூறியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு திருத்தத்தையும் சில செய்திகளையும் சேர்க்கிறேன்.

பந்துக்கு 120, தோள்பட்டை எலும்புக்கு 60, அதாவது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோள்பட்டை எலும்பும் மேற்கை எலும்பும் ஒரு தாளத்தில் அசைகின்றன என்பதைப் பாஸ்டன் அறுவை மருத்துவர் காட்மன் 1934-இல் எடுத்துச் சொன்னார். இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவர் 1944-இல் அதை அளந்து அந்த விகிதத்தைத் தந்தார்கள். பின்னால் அளந்தவர்கள், அது ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒரே ஆளிடமும் கை இருக்கும் உயரத்தைப் பொறுத்தும் கையில் உள்ள சுமையைப் பொறுத்தும் மாறுகிறது என்று கண்டார்கள். காறை எலும்பு உருளும் அளவும் அப்படியே. பழைய கணக்கில் 40 முதல் 50 பாகை. பிற்காலத்தில் எலும்பிலேயே ஊசி பொருத்தி அளந்தபோது 30-ஐ ஒட்டித்தான் வந்தது.

ஆனால் இன்மன் குழுவினரின் ஒரு சோதனையை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். உயிருள்ள மனிதர் ஒருவரின் காறை எலும்பில் ஊசியைப் பொருத்தி, அது உருளாதபடி அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார்கள். கை சுமார் 110 பாகையில் நின்றுவிட்டது. நாகலூர்த் தம்பி தங்கையை வைத்துச் செய்த சோதனையும் அதே வழியில் போகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி.

சொல் குறித்தும் ஒரு வார்த்தை. காறை என்பது கழுத்தை ஒட்டி அணியும் நகை. அது படியும் இடத்திலுள்ள எலும்பு காறை எலும்பு ஆயிற்று. இலத்தீனில் அதன் பெயருக்குச் சிறு சாவி என்று பொருள். நம்மவர் அது இருக்கும் இடத்தைப் பார்த்தார்கள். அசைவில் அது சாவியாகத்தான் திரும்புகிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளைக் கடந்து தினமும் கல்லூரிக்குப் போனவனுக்கு நகைப் பெயர்தான் பிடிக்கும், அது வேறு.

அம்மாப்பேட்டை சிலம்பம் எழுதியது:

நான் மருத்துவம் அறியாதவன். பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்பிக்கிறேன். கம்பைத் தலைக்கு மேல் சுழற்றும்போது கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை என் ஆசான் விடாமல் பார்ப்பார். ஏன் என்று கேட்டால் விடை வராது, கையில் ஒரு தட்டு வரும். காரணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

எல்லோரும் செய்து பார்க்கலாம். கட்டை விரல் தரையைப் பார்க்கும்படி கையை உள்நோக்கித் திருகி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தூக்குங்கள். தோள் உயரத்தை நெருங்கும்போதே மேலே எதுவோ முட்டுவது போல இறுகும். அதே இடத்தில் உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி கையைத் திருப்புங்கள். தடை விலகிக் கை காதருகே சென்றுவிடும். மேற்கை எலும்பின் தலையோரத்தில் உள்ள புடைப்பு, கை வெளிப்புறமாகத் திரும்பினால்தான் தோளுச்சி முனையின் அடியிலிருந்து பின்பக்கமாக நழுவிச் செல்கிறதாம். அஸ்தம்பட்டி நண்பர் முன்கையை வெளிப்புறம் திருப்பிப் பார்க்கச் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எண்ணுகிறேன்.

இன்னொன்று. தோள்பட்டை எலும்பு முதுகில் தட்டையாகப் படிந்திருக்கவில்லை. விலாக்கூட்டின் வளைவோடு 30 முதல் 40 பாகை வரை முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆகையால் கையை நேர்ப் பக்கவாட்டில் தூக்குவதைவிட, சற்று முன்னே தள்ளித் தூக்குவது தோளுக்கு இணக்கமானது. உங்கள் ஏணியை, பறிக்க வேண்டிய கொத்து உங்களுக்குப் பக்கத்தில் வராமல் முன்புறம் சற்று ஓரமாக வரும்படி சாய்த்துப் பாருங்கள்.

பொன்னம்மாப்பேட்டை தறி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பி பாவு மூட்டைகளைத் தோளில் தூக்கிச் செல்பவன். அவன் சுவரில் கைவைத்துத் தள்ளும்போது வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு கோழி இறக்கையைப் போல முதுகைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வலி பெரிதாக இல்லை. இதுவும் அதே நோயா?

அஸ்தம்பட்டி இயன்முறை எழுதியது:

இல்லை அம்மா, இது வேறு. எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் செரேட்டஸ் தசை வேலை செய்யாதபோது உள்விளிம்பு இப்படி எழும்பும். கழுத்திலிருந்து இறங்கி விலாவின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் நரம்பு ஒன்றுதான் அந்தத் தசையை இயக்குகிறது. தோளில் பாரம் அழுத்துவதால் அந்த நரம்பு பாதிக்கப்படுவது உண்டு. வலி இல்லை என்று விட்டுவிடாமல், முதலில் மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சிலம்ப ஆசிரியர் சொன்னது சரி. ஏணி பற்றிய யோசனை எனக்குத் தோன்றாதது, நன்றி.

நாகலூர்க்காரன் எழுதியது:

நேற்று மாலை காப்பிக் களத்தில் சாக்கு விரித்துத் தந்தையைப் படுக்க வைத்துப் பார்த்தேன். நான் தூக்கினாலும் இடக்கை ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நின்றது. அதற்கு மேல் போகும்போது தோள்பட்டை எலும்பும் சேர்ந்தே கிளம்பியது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்புறம் திருப்பியபோது வலக்கை நன்றாகத் திரும்பியது. இடக்கை நேராக முன்னே பார்க்கும் நிலையிலிருந்து இரண்டு விரல் அகலம்கூட நகரவில்லை. கயிறு கட்டி இழுத்தது போல நின்றுவிட்டது. சட்டையைக் கழற்றும்போது இப்போதெல்லாம் அம்மாதான் இடக்கையை உருவிவிடுகிறார் என்பதும், இடப்பக்கம் சாய்ந்து படுக்க முடியாமல் மூன்று மாதமாக அவர் தூங்கவில்லை என்பதும் நேற்றுதான் எனக்குத் தெரியவந்தன.

அஸ்தம்பட்டி இயன்முறை எழுதியது:

பிறர் தூக்கினாலும் போகவில்லை, வெளிப்புறத் திருப்பம்தான் எல்லாவற்றிலும் அதிகமாகக் குறைந்திருக்கிறது, இரவு வலி இருக்கிறது, வயது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில்: இவை மூட்டுறை இறுகிய தோளை, ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்வதைச் சுட்டுகின்றன. தசைநாண் மட்டும் கிழிந்திருந்தால் அவரால் தூக்க முடியாவிட்டாலும் உங்களால் பெரும்பாலும் தூக்க முடிந்திருக்கும். இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். மூட்டுத் தேய்விலும், தெரியாமல் இருந்துவிட்ட பின்பக்க மூட்டு விலகலிலும் இதே திருப்பம் தடைபடும்.

இயல்பான மூட்டுறை கை தொங்கும்போது அக்குள் பக்கம் மடிப்பாகத் தளர்ந்து கிடக்கும். கை உயரும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் தரும். இறுகிய தோளில் அந்த மடிப்பு ஒட்டிக்கொள்கிறது, முன்பக்கமும் தடிக்கிறது. மடிப்பு விரியாததால் தூக்க முடியவில்லை, முன்பக்கம் தடித்ததால் வெளியே திருப்ப முடியவில்லை. திருப்பம் இல்லாத கை உயராது என்பதைச் சிலம்ப ஆசிரியர் முன்பே காட்டிவிட்டார்.

இரண்டு செய்திகளை மட்டும் வலியுறுத்துகிறேன். வலி மிகுந்த இந்தக் கட்டத்தில் வலிந்து நீவுவதும் பிடித்து இழுப்பதும் வேண்டாம்; அவரைக் குனியச் சொல்லி, வலக்கையை மேசையில் ஊன்றி, இடக்கையைத் தளரத் தொங்கவிட்டு ஊஞ்சலைப் போல மெல்ல ஆட்டச் சொல்லலாம். இரண்டாவது, சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. தோளுக்காக வந்த இடத்தில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்று சொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தளர்வதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நாகலூர்க்காரன் எழுதியது:

சேலம் சென்று வந்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. மூட்டுறை இறுக்கம் என்றே மருத்துவரும் சொன்னார். சர்க்கரை இருக்கிறது, வெறும் வயிற்றில் பார்த்ததே 190. அவருக்கு அது இதுவரை தெரியாது. ஊஞ்சல் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். பறிப்பு முடிய இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் ஏணியில் நான் ஏறுகிறேன். கொத்து முன்புறம் ஓரமாக வரும்படி ஏணியைச் சாய்ப்பது உண்மையிலேயே எளிதாக இருக்கிறது. அவர் கீழே நின்றுகொண்டு, என் தோள்பட்டை எலும்பு எப்போது நகர்கிறது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.